வெர்னா ஐசனின் பதினாறாம் பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் புத்தகத்தின் பதினாறாம் பாடத்தை யாரும் நடத்தியதில்லை. நடத்தக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. பதினைந்து முடிந்ததும் ஆசிரியர் பதினேழுக்குப் போய்விடுவார். பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படி வந்தன என்று சொல்லும் பாடம் அது. நானும் வெர்னாவும் அங்கே ஒரே வகுப்பில் படித்தபோதே அப்படித்தான். பிறகு வெர்னா அதே பள்ளிக்கு உயிரியல் ஆசிரியையாக வந்தாள். நான் பின்கட்டடத்தில் மரவேலை சொல்லிக்கொடுக்க வந்தேன். முதல் சில வருடங்கள் அவளும் பதினைந்திலிருந்து பதினேழுக்குத்தான் தாவினாள். அதைப் பற்றி அவள் யோசித்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

கென்டக்கி மலைக்குள் எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது நிலக்கரியை விட்டால் வேறு பிழைப்புக் கிடையாது. அவள் புருஷன் டெல்மர் ஐசனும் சுரங்கத்துக்காரன்தான். நெட்டையான ஆள். தாழ்ந்த கூரைக்குக் கீழேயே வேலை செய்து வெளியிலும் தலையைக் குனிந்தே நடப்பான். பிள்ளை இல்லை. சாயந்திரம் வந்து கரி போகக் குளித்துவிட்டு, சோளரொட்டியைப் பாலில் பிசைந்து தின்றபடி, அன்று கூரையில் என்ன பார்த்தான் என்று அவளுக்குச் சொல்லுவான். கரியை வெட்டி எடுத்த இடத்தில் மேல்பாறையில் பெரணி இலைகள் அச்சு அச்சாகப் பதிந்திருக்கும். "இன்னிக்கு மேல பூரா எலைதான் வெர்னா. கல்யாணத்துக்கு ஜோடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று ஒருமுறை என் எதிரிலேயே சொன்னான். சுரங்கத்துக்குப் போகிற எல்லோரும் அதைப் பார்த்தவர்கள்தான். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டால், நோவா காலத்துப் பிரளயம் என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் பேச்சு இல்லை.

அந்தக் கூரையில் இலைகளைத் தவிர இன்னொன்றும் உண்டு. நின்ற வாக்கிலேயே கல்லாகிப் போன மரத்தின் அடித்தூர். கீழேயிருந்து பார்த்தால் பானையின் அடிபோல வட்டமாகத் தெரியும். அதனால் பானையடி என்பார்கள். சுற்றிலும் வழுவழுப்பாக இருக்கும். அதைப் பிடித்துவைத்திருக்கும் கரியை எடுத்துவிட்டால் எந்தச் சத்தமும் காட்டாமல் நழுவி விழும். ஒரு நவம்பர் மாதம், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, டெல்மர் மேல் அப்படி ஒன்று விழுந்தது.

கூட இருந்தவர் ஹோபர்ட் சிசெமோர். எங்கள் சபைக்குப் போதகரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் போதகருக்குச் சம்பளம் கிடையாது. ஆறு நாள் கரி வெட்டுவார், ஏழாம் நாள் பிரசங்கம் செய்வார். கடப்பாரை போட்டு அந்தக் கல்லை நெம்பி டெல்மரை வெளியே இழுத்தவர் அவர். மூன்றாம் நாள் அதே கையில் வேதத்தைப் பிடித்துக்கொண்டு அடக்க ஆராதனையும் நடத்தினார். பிரளயத்தில் புதைந்த மரம் அது, கர்த்தர் அறியாமல் ஒரு கல்லும் நழுவாது என்று அழுதுகொண்டே சொன்னார். சபை முழுக்க அழுது, தேறி, வீட்டுக்குப் போனது. வெர்னா அழவில்லை. அடுத்த வாரம் ஹோபர்ட் வீட்டுக்குப் போய், அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அதைக் கழிவு மேட்டில் போட்டிருந்தார்கள். ஹோபர்ட் அவளை அழைத்துப் போனார். கல்லின் பக்கவாட்டில் மரப்பட்டை அப்படியே இருந்தது. மீன் செதில்போல வரிசை வரிசையான தடங்கள். எங்கள் மலையில் எந்த மரத்துக்கும் அப்படிப் பட்டை கிடையாது. அவள் வெகு நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றதாக ஹோபர்ட் பிற்பாடு சொன்னார். உடைந்து கிடந்த ஒரு துண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

கோடை விடுமுறையில் லெக்சிங்டனுக்குப் போய் ஒரு வாடகை அறையில் தங்கி, பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்தாள். திரும்பி வந்தபோது இளைத்திருந்தாள். ஆனால் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அது முப்பது கோடி வருடத்துக்கு முந்தைய மரம், அதன் சொந்தக்காரச் செடி இப்போதும் நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காட்டில் கணுக்கால் உயரத்துக்கு வளர்கிறது என்று என்னிடம் சொன்னாள். நான் ஏதோ 'அப்படியா' என்றேன். எனக்கு அன்று பலகை வந்து இறங்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் அவள் பதினைந்தாம் பாடத்தை முடித்தாள். மறுநாள் பிள்ளைகள் பழக்கப்படி பதினேழைத் திறந்தபோது, ஒரு பாடம் முன்னாடி போங்க என்றாளாம். அந்தக் கல்துண்டை முதல் வரிசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, எல்லாரும் தொட்டுப் பார்த்துக் கைமாற்றுங்கள் என்றிருக்கிறாள். கல் கடைசி வரிசைக்குப் போனபோது ஒருவன், இது என்ன டீச்சர் என்று கேட்டான்.

"என் வீட்டுக்காரரைக் கொன்ன மரம்" என்றாள். "இது என்னன்னு தெரிஞ்சிக்கத்தான் இந்தப் பாடம்."

அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது பாட்டன் பாட்டி ஆகிவிட்டார்கள். பாடம் மறந்துவிட்டது, அந்தக் கல்லின் கனம் மட்டும் கையில் இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு அவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் அந்தச் சின்னச் செடியைக் காட்டினாள். அப்போ நாமளும் குரங்குலேர்ந்து வந்தோமா என்று ஒருவன் கேட்க, குரங்கிலிருந்து இல்லை, ரொம்ப தூரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டன், நீயும் உன் மாமன் மகனும் மாதிரி என்று சொன்னாள். "எங்க மாமன் மகன் கொரங்கேதான் டீச்சர், நீங்க பாத்ததில்ல" என்றான் அவன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த வருடம் அவள் பலர் நடுவில் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

வாரம் முடிவதற்குள் பள்ளிக்கூட வாரியத்துக்கு விஷயம் போய்விட்டது. அங்கே யாரும் கத்தவில்லை, வையவில்லை. அவள் புருஷனை இழந்தவள், ஊரில் எல்லோரும் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். துக்கம் அவள் புத்தியைக் கொஞ்சம் பிசகவைத்துவிட்டது, நாமாகப் பார்த்து அவளை மீட்க வேண்டும் என்ற மாதிரிப் பேசினார்கள். கோபமாகப் பேசியிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். வேலையை விட்டு எடுக்கவும் முடியவில்லை. அந்த மலைக்குள் வந்து தங்கி விஞ்ஞானம் நடத்த வேறு ஆளில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இஷ்டமில்லாத பெற்றோர் அந்தப் பாடம் முடியும்வரை தங்கள் பிள்ளையை வேறு வகுப்பில் உட்கார வைக்கலாம். அந்த வேறு வகுப்பு என் மரப்பட்டறை. ஒவ்வொரு பிப்ரவரியும் பாதிப் பிள்ளைகள் என்னிடம் வந்து பறவைக்கூடு செய்துகொண்டு போனார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பறவைகளைவிடக் கூடுகள் அதிகமானது அப்படித்தான்.

ஹோபர்ட் ஒரு நாள் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் அவள் ஆய்வுக்கூடத்தில் அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தேன். என்னையும் இருக்கச் சொல்லிவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உன்னைக் கண்டிக்க வரல சிஸ்டர். கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். அந்த மரம் பிரளயத்துல பொதைஞ்சதுன்னு நான் சொன்னேன். எல்லாருக்கும் அது போதுமா இருந்துச்சு. ஒனக்கு மட்டும் அதுல என்ன கொறை?"

"பிரளயம் எதுக்கு வந்துச்சு பிரதர்?"

"மனுஷன் பண்ண பாவத்துக்கு. கர்த்தரோட கோவம் அது."

"அந்தக் கோவத்துல பொதைஞ்ச மரந்தானே டெல்மர் மேல விழுந்துச்சு. இத்தனை காலம் கழிச்சும் அது தீரலையா? டெல்மர் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினாரு?"

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்த மரம் யாரோட கோவமும் இல்லாம ஒரு சதுப்புல வளந்துச்சு, வயசாகிச் செத்துச்சு, மண்ணு மூடுச்சு. அவ்வளவுதான்னு படிச்சேன் பாருங்க, அன்னிக்கு ராத்திரிதான் என்னால மறுபடி முட்டி போட்டு ஜெபம் பண்ண முடிஞ்சுது. கோடி கோடி வருஷமா ஒண்ணொண்ணா உண்டாக்கிக்கிட்டு, அவசரமே படாம இருக்குற தேவன்கிட்ட எனக்குப் பயமில்ல பிரதர்."

"எனக்கு நேர் எதிர்" என்றார் அவர். "அந்தக் கல்லை நெம்புனவன் நான். அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சுன்னு நம்பினதாலதான் மறுநாள் அந்தக் குழிக்குள்ள எறங்குனேன். சும்மா விழுந்துச்சுன்னா, நான் எப்பிடி எறங்குவேன்?"

"தெரியும்" என்றாள். அதைச் சண்டையாகச் சொல்லவில்லை.

எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். சபையில் பேசுவார்கள், நான் தடுக்க மாட்டேன், நானும் நம்புவது அதைத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் சொன்னதுதான். பிரசங்கத்தில் ஒருநாளும் அவள் பெயரைச் சொன்னதில்லை. பிரளயத்தைப் பற்றிப் பேசாமலும் இருந்ததில்லை.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை, கோடையில், திருவிருந்துக்குப் பிறகு பாதம் கழுவுவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் இன்னொரு பெண் முன்னால் மண்டியிட்டுக் காலைக் கழுவித் துடைப்பாள். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். வருடம் முழுக்கச் சேர்ந்த மனஸ்தாபமெல்லாம் அந்தத் தண்ணீரில் போய்விடும். இன்னார் இன்னாருக்கு என்று கணக்கு இல்லை. யார் மனம் யாரிடம் போகிறதோ அவர்கள். அந்த வருடம் வெர்னா மற்றவர்களைப் போலவே காலணியையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாக இருந்தது. கால் கழுவும் தண்ணீர்ப் பாத்திரம் அவள் முன்னால் இரண்டு தடவை கடந்து போனது. அவளே எழுந்து ஹோபர்ட் மனைவி எஃபியிடம் துண்டோடு போனாள். எனக்கு ஆயிற்று சிஸ்டர் என்று எஃபி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து பாட்டு ஆரம்பித்தபோது, வெர்னா குனிந்து காலுறையைப் போட்டுக்கொண்டதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். ஈரமில்லாத காலில் காலுறை சுலபமாக ஏறிவிட்டது.

அடுத்த வருடமும் கழற்றினாள். அதற்கடுத்த வருடமும். பாடத்தையும் நடத்தினாள், சபைக்கும் வந்தாள். இதில் எதை விட்டாலும் ஊர் அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கும். சபையை விட்டிருந்தால்கூட, தொலைந்த ஆடு என்று யாராவது தேடிப் போயிருப்பார்கள். அவள் தொலையவும் இல்லை, திரும்பவும் இல்லை. அதற்கு எங்களிடம் ஒரு பேர் கிடையாது.

பதினாறாம் பாடம் தொடங்கும் நாளில் அவள் மேஜைமேல் ஒரு வாழைப்பழம் இருக்கும். எந்த வருடத்துப் பையன் ஆரம்பித்தானோ, அது சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அவள் அதை உரித்து அங்கேயே தின்பாள். "நன்றிப்பா. காலையில சாப்பிடாமத்தான் வந்தேன்" என்பாள். ஒரு வருடம் பழம் அழுகியிருந்தது. அதையும் நல்ல பாகம் பார்த்துத் தின்றாளாம்.

அவளைப் பற்றி வெளியே தெரிந்து, லெக்சிங்டனில் நடந்த விஞ்ஞான ஆசிரியர் மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கும் பட்டறைக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்ததால் என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். நீல நிற உடுப்பு ஒன்று தைத்திருந்தாள். வழியெல்லாம் நல்ல உற்சாகம். தன்னைப்போல யோசிக்கிறவர்கள் ஒரு மண்டபம் நிறைய இருப்பார்கள் என்று நினைத்திருப்பாள். சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது அவள் முகம்.

முதலில் நன்றாகத்தான் கேட்டார்கள். கல்துண்டைப் பற்றிச் சொன்னபோது சத்தமில்லாமல் இருந்தார்கள். எங்கள் ஊர் வாரியக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று வந்தபோது சிரித்தார்கள். அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு தாய், தன் பிள்ளையின் ஆத்துமா போய்விடுமே என்று கேட்டு அழுததைச் சொன்னாள், அதற்கும் சிரித்தார்கள். அவள் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மீதியைச் சுருக்கமாக முடித்துக்கொண்டாள். தலைமை தாங்கியவர் எழுந்து, அந்த மாதிரி ஆட்கள் நடுவில் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்கள் மேடம் என்று கேட்டார்.

"அந்த மாதிரி ஆளுங்கள்ல ஒருத்திதாங்க நான்" என்றாள்.

அவர் தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் சபைக்குப் போகிறீர்களா என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். போகிறேன் என்றாள் வெர்னா. விசுவாசத்தோடா என்று கேட்டாள் அந்தப் பெண். விசுவாசத்தோடுதான் என்றாள். கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு வேளையில் அவளுடைய மேஜையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நானும் மாநாட்டுக்காரன் இல்லை.

திரும்பும்போது வண்டி மலை ஏற ஆரம்பித்தது. பிறகு, "அங்கயும் பெஞ்சு காலியாத்தான் இருக்கு, பார்த்தியா" என்றாள். நான் ரேடியோவைப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹோபர்ட்டுக்குக் கரித்தூசி நுரையீரலில் இறங்கிவிட்டது. படுக்கையோடு ஆனார், மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. வாய்விட்டு வேதம் படிக்க மூச்சு இல்லை. வெர்னா பள்ளிக்கூடம் முடிந்து போய் அவருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். யார் கூப்பிட்டது, யார் அனுமதித்தது என்று தெரியாது. எஃபி கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாளாம். மரம், பிரளயம் என்ற அந்தப் பழைய விஷயத்தை வெர்னாவும் ஹோபர்ட்டும் பேசியதே இல்லை. ஆதியிலிருந்து வரிசையாகப் படித்து, பிரளயம் வந்த இடத்தையும் ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டியிருக்கிறாள்.

ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். அவள் படித்து முடித்துப் புத்தகத்தை மூடியபோது ஹோபர்ட் கையைத் தூக்கினார்.

"அந்த மரம்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "எவ்ளோ ஒசரம் இருந்திருக்கும்?" என்றார்.

"நூறு அடி இருக்கும் பிரதர். கிளையெல்லாம் உச்சியில மட்டுந்தான்."

கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்க்கிறவர்போல இருந்தார். "நல்ல மரமா இருந்திருக்கும்" என்றார்.

"ஆமா பிரதர்."

அவ்வளவுதான். வசந்தம் வருவதற்குள் போய்விட்டார். அந்த ஊரில் அவளோடு மனம்விட்டு முரண்பட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் ஒதுங்கினவர்கள், ஒதுங்கினவர்களோடு பேசி என்ன ஆகும்? அடக்கத்தன்று அவள் அழுதாள். டெல்மருக்கு அழாததையும் சேர்த்து அழுகிறாள் என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அது ஹோபர்ட்டுக்கான அழுகையாகத்தான் தெரிந்தது.

அந்தக் கோடையில் எஃபி துண்டைக் கட்டிக்கொண்டு நேராக வெர்னாவிடம் வந்தாள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டு, இரண்டு காலையும் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை.

"அவரு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். "இல்லேன்னா வந்திருக்க மாட்டேன்."

"நன்றி சிஸ்டர்" என்றாள் வெர்னா.

இலையுதிர் காலத்தில் எஃபி ஒஹாயோவில் இருந்த மகள் வீட்டுக்கே போய்விட்டாள். பிறகு யாரும் வரவில்லை. சுரங்கமும் மூடிவிட்டது. பாதி ஊர் வேலை தேடி எஃபி போன வழியே வடக்கே போனது. வெர்னா ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். அடுத்து வந்த பையன் நகரத்தில் படித்தவன். சாமி, சபை என்று எந்தப் பிடிப்பும் இல்லாதவன். அந்த பிப்ரவரி என் பட்டறைக்கு யாரும் வரவில்லை. ஏன் என்று கேட்டால், பதினாறாம் பாடத்திலிருந்து பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான் வருகிறதாம், அதனால் விட்டுவிட்டேன் என்றான். மளிகைக்கடையில் வெர்னாவைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். சோளமாவுப் பையின் எடையைக் கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். மாவை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் ஒரு ஜனவரி ஞாயிறு. நல்ல பனி, பாதையெல்லாம் மூடிக் கிடந்தது. ஆராதனை இல்லை என்று எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். வெர்னாவுக்குப் போட மறந்துவிட்டார்கள், அல்லது அவள் எடுக்கவில்லை. சபைக் கட்டடத்தின் கூரை பனியைத் தாங்குமா என்று பார்க்க நான் மண்வெட்டியோடு நடந்து போனேன். புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கிட்டே போனபோது பாட்டுக் கேட்டது.

எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. ஓர் ஆண் எழுந்து பாட்டின் ஓர் அடியை வேகமாகச் சொல்லிக் கொடுப்பார்; சபை அதை இழுத்து நிதானமாகத் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த அடி. பெண்கள் அடி எடுத்துக் கொடுப்பது வழக்கமில்லை. உள்ளே வெர்னா அடியை எடுத்துச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, சபை பாட வேண்டியதையும் அவளே பாடிக்கொண்டிருந்தாள். குரல் கட்டையாகிவிட்டிருந்தது; இருந்தும் ஓர் அடிகூட விடவில்லை.

நான் பாட்டு முடியும்வரை வாசல் பனியை வாரினேன். பிறகு கூரைக்கு ஏணி வைத்தேன்.